நட்பு ஆட்டம் யாரோடு?

போன அக்டோபர் 14ஆம் தேதி ராத்திரி எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இந்தியாவும் சிங்கப்பூரும் ஆடிக்கொண்டிருந்தன. ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று. ஒரே ஒரு செல்போன், அதைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து, சுற்றிலும் பதினைந்து தலைகள். 14ஆவது நிமிடத்தில் சாங்தே கோல் அடித்தபோது எழுந்த கூச்சலில் பக்கத்துப் பட்டறையின் தறிச்சத்தம் கொஞ்ச நேரம் காதில் விழவில்லை. எடப்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், அது லேசுப்பட்ட காரியமில்லை. அப்புறம் சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு அடித்தார்கள். 1-2. 2027 ஆசியக் கோப்பைக்குப் போகிற வழி அத்தோடு அடைபட்டது.

ஆட்டம் ஒன்றரை மணி நேரம். அதைப் பற்றிய சண்டை இரண்டு மணி நேரம்.

"நாப்பத்தோரு வயசுல சேத்ரிய எதுக்குண்ணா இன்னும் டீம்ல வச்சிருக்காங்க?"

"அப்ப கோல் யாரு அடிப்பா, நீ அடிப்பியா?"

"மாலத்தீவு கூட ஃபிரண்ட்லி ஆடுனா இப்படித்தான் ஆகும். பெரிய டீம் கூட ஆடோணும்."

"வெளிநாட்டுல இருக்கற நம்மாளுங்கள எடுத்தாத்தான் இந்த டீம் உருப்படும்."

இதைப் பேசியவர்களில் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள். ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பு, சனி ஞாயிறு ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவன். யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், யாரை எந்த நிமிடத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்று அவன் விளக்கியதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. சமூகவியல் முதுகலை வகுப்பில் நாங்கள் இரண்டு வருடம் படித்தும் இவ்வளவு கறாராக ஒரு நிறுவனத்தைக் கேள்வி கேட்டதில்லை. பெயருக்காக ஒருவரை எடுக்கக் கூடாது, எதற்காக எடுத்தாய் என்று சொல், எடுத்தவன் பொறுப்பேற்கணும் என்று அவர்கள் பேசிய ஒவ்வொன்றும் ஜனநாயகத்தின் மொழி. அந்த மொழியை ரசிகர்கள் ஆடுகளத்துக்குள்ளேயே செலவழித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 ஜூலையில் தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த ஆண்கள் அணி, 2025 ஜூலையில் 133க்குப் போயிற்று. 2024ஆம் வருடம் முழுக்க ஒரு வெற்றி கிடையாது. அந்த வருடம் ஜூன் 6ஆம் தேதி கொல்கத்தாவில் கண்ணீரோடு விடைபெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டிய நிலை. ஷில்லாங்கில் மாலத்தீவோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் 3-0 என்று வென்றோம், அதில் ஒரு கோல் சேத்ரியுடையது. 489 நாட்களுக்குப் பிறகு வந்த வெற்றி அது. ஸ்டிமாச் போனார், மனோலோ மார்க்வெஸ் வந்தார், ஒரே வருடத்தில் அவரும் போனார், காலித் ஜமில் வந்தார். நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றாயிற்று.

ஆட்களைத் தேர்வு செய்த விதம் பற்றி ஒரு செய்தியை அந்த ராத்திரி பையன்களுக்குச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்கு முன்னால், அன்றைய பயிற்சியாளர் ஸ்டிமாச் ஆடப்போகும் வீரர்களின் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, அன்றைய நாள் யாருக்கு நன்றாக இருக்கிறது, யாருக்குச் சரியில்லை என்று கருத்துக் கேட்டார் என்று 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. அந்த ஜோதிடரை அறிமுகம் செய்து வைத்தவர் சம்மேளனத்தின் அப்போதைய பொதுச்செயலாளர் என்றும், லட்சக்கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது என்றும் அந்தச் செய்தி சொன்னது. ஆப்கானிஸ்தானோடு அந்த ஆட்டத்தில் இந்தியா 2-1 என்று வென்றது வேறு விஷயம். (ஜோதிடம் பலித்துவிட்டது என்று யாராவது கிளம்பினால், அடுத்த இரண்டு வருடத்துத் தோல்விகளுக்கு எந்தக் கிரகத்தைக் கூண்டில் ஏற்றுவது என்றும் கேட்டுவிடுங்கள்.) கல்யாணத்துக்கு ஜாதகம், வீடு கட்ட ஜாதகம், கடைசியில் வலது பின்கள ஆட்டக்காரனுக்கும் ஜாதகம். இடஒதுக்கீடு என்றதும் "தகுதி, திறமை" என்று கிளம்புகிற நாட்டில், இடஒதுக்கீடே இல்லாத தேசிய அணிக்குப் பிறந்த தேதி பார்த்து ஆள் எடுக்க நினைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

நட்பு ஆட்டங்களுக்கு வருகிறேன். புள்ளி கணக்கிடும்போது ஃபிஃபா ஒவ்வொரு வகை ஆட்டத்துக்கும் ஒரு எடை வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட நாட்களில் ஆடும் நட்பு ஆட்டத்துக்கு 10, மற்ற நாட்களில் ஆடினால் 5, தகுதிச்சுற்றுக்கு 25. ஆகவே தரவரிசையை மட்டும் பார்த்தால் நட்பு ஆட்டம் சின்ன சமாசாரம்தான். ஆனால் புதிய ஆளை இறக்கிப் பார்க்க, தோற்றாலும் குடிமுழுகாது என்ற தைரியத்தில் ஒரு முறையை மாற்றிப் பார்க்க, அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. யாரோடு ஆடுகிறோமோ அவர்களால்தான் நாம் வளர்கிறோம். ரசிகர்கள் "பெரிய டீம் கூட ஆடோணும்" என்று அடித்துக்கொள்வது இதற்குத்தான். எங்கள் பையன்கள் மூன்று பேர் சேலத்தில் ரயிலேறி கொச்சிக்குப் போக மாதக்கணக்கில் காசு சேர்த்தார்கள். நவம்பரில் அர்ஜென்டினா அங்கே நட்பு ஆட்டம் ஆடும் என்று அறிவித்திருந்தார்கள் இல்லையா, அதற்கு. அக்டோபர் கடைசியில் அது இல்லையென்று ஆனது. டிசம்பர் 13இல் மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனம், அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பெயர்த்து வீசியது. சேர்த்த காசு இன்னும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

அந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நான் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நம்ம டீம் கடைசியா யார்கூட ஃபிரண்ட்லி ஆடுச்சு?"

ஒருத்தரும் பேசவில்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு காலனி அணியோடு ஆடியிருக்கிறார்கள். சங்ககிரிப் பக்கம் ஒரு காலனிக்குப் போய் ஆடியிருக்கிறார்கள். முந்நூறு மீட்டர் தூரத்தில், தார்ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊர்த் தெருவுக்கும் ஓர் அணி இருக்கிறது. அவர்களுக்கும் மெஸ்ஸி பிடிக்கும். அவர்களும் அக்டோபர் 14 ராத்திரி அதே ஆட்டத்தைப் பார்த்து அதே மாதிரிக் கத்தியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்களும் உண்டு. அவர்களோடு ஒரு ஆட்டம் கூட இல்லை. ஒன்றுகூட.

எங்கள் பையன்கள் முன்பு ஆடியது ஏரிக்குள். வறண்டு கிடந்த ஏரி, நல்ல கட்டாந்தரை. மேட்டூர் உபரிநீரை ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தில் தண்ணீர் வந்தது. கிணறுகளில் ஊற்று ஏறியது, மகிழ்ச்சிதான். ஆனால் அன்றோடு எங்களுக்கு மைதானம் போயிற்று. ஊருக்கு மைதானம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கு. பட்டாவில் யார் பெயரும் கிடையாது, அரசு நிலம். ஆனாலும் சாயங்காலம் அங்கே யார் ஆடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதி வைத்த போர்டு எதுவும் இல்லை. இங்கே எதையும் யாரும் எழுதி வைப்பதில்லை.

எனக்கு இருபது வயதிருக்கும்போது பொங்கல் விளையாட்டு விழாவில் வாலிபால் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனோம். நோட்டீஸில் நுழைவுக் கட்டணம் போட்டிருந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆறு பேர் நின்றோம். "எண்ட்ரி முடிஞ்சு போச்சு, அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார் கமிட்டிக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார், டீகூட வாங்கித் தருவதாகச் சொன்னார். மறுநாள் காலையில் வந்த இரண்டு வெளியூர் அணிகளுக்கு எண்ட்ரி இருந்தது. அதற்கு அடுத்த வருடம் நோட்டீஸில் "அழைக்கப்பட்ட அணிகள் மட்டும்" என்ற வரி சேர்ந்திருந்தது. ஒரு வரி, அவ்வளவுதான். இந்தியக் கால்பந்து அணியின் 23 பேர் பட்டியலைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், ஆனால் அந்த நோட்டீஸ் அளவுக்கு ஆள் தேர்வு என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்த காகிதம் வேறில்லை.

"ஆடி ஜெயிச்சுக் காட்டுனா எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜெயித்தால் சரியாவதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2023 ஜூனில் குஜராத்தின் பதான் மாவட்டம் காகோஷி கிராமத்தில், கிரிக்கெட் பார்க்கப் போன ஒரு தலித் சிறுவன் எல்லைக்கு வந்த பந்தைக் கையில் எடுத்தான். அதில் தொடங்கிய தகராறில் அன்று சாயங்காலமே அவன் மாமாவின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. அவன் ஆடக்கூட இல்லை, பந்தைத் தொட்டான். விரல், கட்டைவிரல் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அரசு சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் கொடுத்துவரும் விருதின் பெயர் துரோணாச்சாரியார். சீடனைச் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பியவர், தானே கற்றுக்கொண்டவனின் விரலைக் கேட்டு வாங்கியவர். பெயர் வைத்தவர்களுக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதனால் ஊர் அணியோடு ஆட வேண்டும் என்று இந்தப் பையன்களிடம் சொல்லும்போது எனக்குப் பயம் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. அவர்கள் அம்மாக்களுக்கு என்னைவிட அதிகம் இருக்கிறது. பொது இடத்தை, பொதுச் சொத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். புறம்போக்கு மைதானத்தில் இறங்க எங்களுக்கு உரிமை உண்டு, தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம், போலீஸைக் கூப்பிடலாம். தேவைப்பட்டால் செய்வோம். ஆனால் சட்டம் மைதானத்தைத் திறந்துவிடும், எதிர்ப்பக்கம் பதினொரு பேரைக் கொண்டுவந்து நிறுத்தாது. எதிரணி இல்லாமல் கால்பந்து இல்லை. சுதந்திரமும் சமத்துவமும் சகோதரத்துவம் இல்லாமல் நிற்காது என்று பாபாசாகேப் 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை நாம் மேடையில் பலமுறை சொல்லிவிட்டோம். அந்த மூன்றில் முதல் இரண்டுக்கு மனு எழுதத் தெரியும். மூன்றாவதற்கு எப்படி மனு எழுதுவது?

அன்றைக்குக் கல்லூரியில் படிக்கும் ஒருவன் சொன்னான், "அண்ணா, அதெல்லாம் ஊர் அரசியல். இந்தியா டீம்ல சாதி எல்லாம் பாக்கறதில்ல. தெறம இருந்தா எங்கிருந்தாலும் வருவான்."

அவனை நான் மடக்க விரும்பவில்லை. சென்னையிலிருந்து நந்தகுமார் சேகர் போயிருக்கிறார். 2023 ஆகஸ்டில் கிழக்கு வங்க அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலைப் பற்றிக் கொல்கத்தாவே பேசியது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் இந்தியாவின் கேப்டன் ஆனார். வருகிறவர்கள் வருகிறார்கள். ஆனால் வராதவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது? ரசிகர்கள் சண்டை போடும் 23 பேர் பட்டியல் கடைசிப் பட்டியல். முதல் பட்டியல் பத்து வயதில், எங்கள் மாதிரித் தெருக்களில், யாரும் அறிவிக்காமல் முடிந்துவிடுகிறது.

போன கோடையில் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு நான்கு பிள்ளைகளைச் சேலம் காந்தி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். காலை ஏழு மணிக்கு இருக்க வேண்டும். விடியுமுன் பஸ் ஏறினோம். நான்கு பேருக்கும் சேர்த்து இரண்டு ஜோடி பூட்ஸ். அதில் ஒன்று ஒரு சைஸ் பெரியது, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டான் ஒருவன். ஐந்தாவதாக வரவேண்டியவன் வரவில்லை. இருந்தவர்களிலேயே நல்ல ஆட்டக்காரன் அவன்தான். முந்தின வாரம் அவன் அப்பா தறிப் பட்டறை முதலாளியிடம் அக்கா கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் அட்வான்ஸ் என்றால் என்னவென்று வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன். அது கடன், ஆனால் பணமாகக் கழியாது. வீட்டில் ஆள் வேலைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். லட்சத்தை எட்டும் அட்வான்ஸ்கள் உண்டு. அந்தப் பையன் விடுதிக்குப் போனால் பட்டறையில் இரண்டு தறிக்கு ஆள் இல்லை. தேர்வாளர் அவனைப் பார்க்கவே இல்லை, நிராகரிக்கவும் இல்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் அவன் வரமாட்டான்.

பூட்ஸ் பற்றி இன்னொன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்சிடம் 1-2 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ரசிகர்கள் இதை வீரக்கதையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் எங்கள் தாத்தாவுக்கு வெறுங்கால் என்பது வீரக்கதை இல்லை. ஊர்த் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் நடந்த எல்லோருடைய செருப்பையும் தைத்துக் கொடுத்தவர் அவர். இன்றும் ஜலந்தரில் கால்பந்து தைக்கும் வேலையில் வீடுவீடாக உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்தான். பந்து நம் கையால் வருகிறது. காலுக்கு வந்து சேருவதற்குள் வழியில் எத்தனையோ கை மாறிவிடுகிறது.

இந்திய வம்சாவளி ஆட்களைத் தேடுவது பற்றிப் பையன்கள் பேசினார்களே, பெர்த் நகரில் பிறந்த ரயான் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு நவம்பரில் நம் முகாமுக்கு வந்தார். அவர் மேல் எனக்குக் குறையில்லை, மனமுவந்து வந்திருக்கிறார். கேள்வி சம்மேளனத்துக்கு. பெர்த் வரைக்கும் கண் தெரிகிறவர்களுக்குப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற சந்து தெரியவில்லை.

பெண் பிள்ளைகள் இந்தச் சண்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கேட்டாள், "லேடீஸ் டீம் என்னண்ணா ஆச்சு?" ஆண்கள் தோற்றுக்கொண்டிருந்த அதே 2025இல், ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வீழ்த்தி, தகுதிச்சுற்றில் ஆடியே முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனது பெண்கள் அணி. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தது. அந்தக் கோப்பை 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில். அந்த ராத்திரி படிப்பகத்தில் இது தெரிந்த ஆண் ஒருவன்கூட இல்லை. 2009இல் இந்தப் பெண்கள் அணியின் பெயரையே ஃபிஃபா தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டது, மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட ஆட அனுப்பாததால். நட்பு ஆட்டம் போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள், ஆட்டமே இல்லாமல் அழிக்கப்பட்ட அணியைப் பற்றியும் கொஞ்சம் கோபப்படலாம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018, 2023 என்று இரண்டு முறை தேசியச் சாம்பியன்கள். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசனும், அரசு இல்லத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதனும் இந்தியச் சட்டை போட்டார்கள். கடலூரில் யாரோ அவர்களுக்கு ஒரு மைதானத்தையும் ஒரு பந்தையும் கொடுத்தார்கள். தொடக்கத்துக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தேசிய அணியில் சாதி பார்ப்பதில்லை என்று சொன்ன தம்பிக்கு வந்தனா கட்டாரியாவையும் நினைவுபடுத்தினேன். டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர், ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண். நான்கு நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு முன் பட்டாசு வெடித்து ஆட்டம் போட்டார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள் என்று அவர் குடும்பம் புகார் கொடுத்தது. அவர்களும் ரசிகர்கள்தான், ஆள் தேர்வு பற்றித்தான் கருத்துச் சொன்னார்கள்.

பிறகு அவர்களுக்கு ஒரு கால்பந்துக் கதை சொன்னேன், ரியோ டி ஜெனிரோவில் நடந்தது. வாஸ்கோ டகாமா என்ற கிளப் 1923இல் கறுப்பர்களையும் கூலித் தொழிலாளிகளையும் வைத்துக்கொண்டு நகரச் சாம்பியன் ஆனது. பணக்கார கிளப்புகளுக்கு அது தாங்கவில்லை. தனியாக ஒரு லீக் தொடங்கி, அதில் சேர நிபந்தனைகள் வைத்தார்கள். ஆட்டக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்று காட்ட வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். வாஸ்கோவின் பன்னிரண்டு பேரை நீக்கினால் இடம் தருகிறோம் என்றார்கள். கறுப்பர் என்ற சொல் எங்கேயும் வரவில்லை, நம் ஊர் நோட்டீஸ் மாதிரியே. 1924 ஏப்ரல் 7 அன்று கிளப் தலைவர் கடிதம் எழுதினார்: அந்தப் பன்னிரண்டு பேரை விட்டுக்கொடுத்து வரும் இடம் எங்களுக்கு வேண்டாம். சொந்த மைதானம் இல்லை என்பதும் அவர்கள் மேல் சொல்லப்பட்ட குறை. ரசிகர்கள் வீடுவீடாகப் பணம் திரட்டி 1927இல் சாவ் ஜனுவாரியோ மைதானத்தைக் கட்டி முடித்தார்கள். அது இன்றும் இருக்கிறது. மற்ற கிளப்புகளும் அவர்களோடு ஆட வேண்டியதாயிற்று.

கதை முடிந்ததும் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தான். அதில் இருப்பது மைதானம் கட்டும் பணமில்லை. ஆனால் இரண்டு பந்து வாங்கலாம், ஒரு கடிதம் எழுதலாம்.

கடிதம் எழுத ஒரு வாரம் ஆயிற்று. முதலில் எழுதியதில் சட்டப் பிரிவெல்லாம் இருந்தது. அதைக் கிழிக்காமல் ஃபைலில் வைத்துவிட்டோம், தேவைப்படும். இரண்டாவது கடிதம் ஊர் அணியின் கேப்டனுக்கு. அவனும் எங்கள் பையனும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. பொங்கல் போட்டியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், ஒரே ஒரு ஆட்டம், பரிசு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, ரெப்ரியாக உடற்கல்வி ஆசிரியர் வருவார் என்று எழுதினார்கள். தலைப்பில் "நட்பு ஆட்டம்" என்று போட்டுவிட்டு, அந்த வார்த்தை சரியா என்று மறுபடி ஒரு மணி நேரம் சண்டை. "நட்பே இல்லாம எப்படிண்ணா நட்பு ஆட்டம்?" என்றான் தறி ஓட்டுகிறவன். இந்தியாவும் சிங்கப்பூரும் என்ன நட்பாகவா ஆடின என்று இன்னொருவன். கடைசியில் வார்த்தை இருக்கட்டும் என்று முடிவானது.

கடிதத்தை வாங்கிக்கொண்ட கேப்டன் பையன் அங்கேயே பிரித்துப் படித்திருக்கிறான். சிரித்திருக்கிறான், கேலியாக இல்லை. "எனக்கு ஓகேடா. ஊர்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றானாம். அது ஒன்பது நாளைக்கு முன்னால். இன்னும் பதில் வரவில்லை.

எங்கள் பையன்கள் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு பேர் தயார், பதினோரு பேர்தான் ஆட முடியும். அட்வான்ஸில் மாட்டிய பையனுக்கு அந்த ஞாயிறு ஷிப்ட் மாற்றித்தரச் சொல்லி நான் பட்டறையில் பேச வேண்டும். கோல்கீப்பர் யார் என்பதில் முடிவு எட்டவில்லை. லேடீஸ் டீம் பற்றிக் கேட்ட அந்தப் பெண் நேற்று வந்து, இருக்கிறவர்களில் பந்தை ஒழுங்காகப் பிடிப்பது தான் ஒருத்திதான், தன் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். பட்டியல் போட்டவனிடம் பதில் இல்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.